யார் காசு கனம்?

லேபிலிருந்து நேராக வந்ததால் அவள் நகக்கண்ணில் இன்னும் பிளாஸ்டர் மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. அந்த விரலைத்தான் பணமாற்றுக் கடையின் கண்ணாடியில் வைத்தாள். உள்ளே பலகையில் வரிசை வரிசையாக எண்கள் எரிந்தன. கீழிருந்து இரண்டாவது வரிசையில் அவள் கணவன் வேலை செய்யும் நாட்டின் கொடி. பக்கத்தில் இரண்டு எண்கள். முதலாவது, அந்த நாட்டுக் காசு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால் கடைக்காரர்கள் என்ன தருவார்கள் என்கிற வாங்கும் விலை. அடுத்தது, அதே காசை அவர்களிடம் கேட்டால் என்ன கறப்பார்கள் என்கிற விற்கும் விலை. கல்யாணமான நாளிலிருந்து வாரம் தவறாமல் இந்த வரிசையைப் பார்க்கிறாள். முதல் எண் ஒன்றுக்குக் கீழே போய், புள்ளிக்கு முன்னால் ஒரு பூஜ்யம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

ஒரு பூஜ்யத்தைப் பார்த்து வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்குமா? இருந்தது. கட்டின புருஷன் சம்பாதிக்கிற காசு விழுந்ததற்கு இப்படிக் குளிர்கிறதே என்று அடுத்த நொடியே கூசவும் கூசியது.

அவள் பல் செய்கிறவள். வைத்தியர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் வடித்து, அடுக்கடுக்காகப் பீங்கான் பூசிச் சுட்டு, யார் யார் வாய்க்கோ பல் கட்டிக் கொடுக்கும் லேபில் வேலை. முன்பல் என்றால் அவளிடம்தான் வரும். பக்கத்துப் பல்லின் மஞ்சளையும், நுனியில் தெரியும் நீலத்தையும் அச்சாகக் கொண்டுவந்துவிடுவாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் பேசியபோதே இருவரும் சொந்த நாட்டை விட்டு, ஆளுக்கொரு நாட்டில் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கே குடித்தனம் என்ற பேச்சு வந்தபோது, பெரியவர்கள் நிறைந்த கூடத்தில் மாப்பிள்ளைதான் தீர்ப்புச் சொன்னான். குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயசு வரைக்கும் அவரவர் வேலையில் இருந்து சேர்ப்பது. அதற்கப்புறம் யார் காசு கனமோ அந்த ஊரில் குடும்பம். காசு லேசாக இருக்கிறவர் வேலையை விட்டுவிட்டு மூட்டை கட்ட வேண்டியது.

எவ்வளவு நியாயமான மாப்பிள்ளை என்று எல்லோரும் மெச்சினார்கள். ஆமையையும் முயலையும் ஓடவிட்டு, முயலே பந்தய விதியும் எழுதுகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்போது அவன் ஊர்க் காசு ஒன்றைக் கொடுத்தால் இவள் ஊர்க் காசு இரண்டரை வரும். அவளுக்குமே அது பெருமையாகத்தான் இருந்தது. இரண்டரைக்காரன் பெண்டாட்டி.

வாராந்திர விடுமுறையில் அவன் கூப்பிடுவான். சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம் முடிந்ததும் அந்த விளையாட்டு ஆரம்பமாகும். “என்ன பல்லு, இந்த மாசம் எவ்வளவு வந்துச்சு?” பல்லு என்பது அவன் அவளுக்கு வைத்த செல்லப்பெயர். அவள் தன் சம்பளத்தைச் சொல்வாள். அவன் அதை இரண்டரையால் வகுத்து, வந்த சிறிய எண்ணைக் கொஞ்சம் நிறுத்தி வாசிப்பான். எங்கள் கம்பெனியில் கிரீஸ் டப்பா தூக்குகிற ஹெல்ப்பர்கூட இதைவிட அதிகம் வாங்குகிறான் என்பான். அவளும் சிரிப்பாள். மாதம் முழுக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கட்டிய பற்கள் எல்லாம் அந்த வகுத்தலில் கரைந்து ஒரு ஹெல்ப்பருக்கும் கீழே போய் உட்கார்ந்துவிடும். சிரித்து முடித்த பிறகு பாத்திரம் கழுவும்போது அந்தச் சிறிய எண் மட்டும் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கும். அவன் சம்பளத்தைத் திருப்பி இரண்டரையால் பெருக்கிப் பார்க்கலாம், அங்கே வீட்டு வாடகையும் அதே போல் பெருகித்தான் இருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அப்போது தோன்றியதில்லை. வகுக்கப்படுகிறவர்களுக்குப் பெருக்கல் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை.

பிறகு அவன் ஊர்க் காசு மெதுவாக இறங்கத் தொடங்கியது. அங்கே ஏதோ வங்கி சாய்ந்தது, அரசாங்கம் எதற்கோ கடன் வாங்கியது என்று செய்தியில் சொன்னார்கள். அவளுக்கு அதெல்லாம் ஏறவில்லை. அவளுக்கு ஏறியது ஒன்றுதான்: விலை மலிகிறது. வெங்காயம் மலிந்தால் இரண்டு கிலோ கூட வாங்கிப் போடுகிற மாதிரி, நாளைக்கு அங்கேதானே போய்க் குடித்தனம் பண்ணப்போகிறோம் என்று, மாதாமாதம் மிச்சம் பிடித்ததையெல்லாம் அவன் ஊர் நோட்டாக வாங்கி அலமாரியில் சேர்த்தாள். ஒரு தடவை கேட்டும் பார்த்தாள். அவன் குரலில் ஒரு சிறு தயக்கம்கூட இல்லை. “வாங்கு வாங்கு. இப்பதான் சல்லிசு. எங்க ஊர் காசு இரும்பு மாதிரி, திரும்ப எழுந்து நிக்கும் பாரு.” வாங்கினாள். இன்னும் இறங்கியது. இன்னும் வாங்கினாள்.

சம்பளத்தை வகுத்து வாசிக்கும் விளையாட்டு எப்போது நின்றது என்று அவளால் சரியாகச் சொல்ல முடியாது. ஒரு வாரம் அவன் கேட்கவில்லை. அடுத்த வாரமும் கேட்கவில்லை. பதிலுக்கு, எங்கள் ஊரில் முட்டை என்ன விலை தெரியுமா, வீட்டு வாடகை என்ன தெரியுமா என்று பேசத் தொடங்கியிருந்தான்.

இப்போது குழந்தைக்குப் பள்ளிக்கூட வயசு. சொந்த ஊரில் நாத்தனாரிடம் வளர்கிற குழந்தை. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படு, டிக்கெட் பார்க்கிறேன் என்று கணவன் போன மாதமே சொல்லிவிட்டான். லேப் முதலாளி இன்னொரு பக்கம். இருக்கிறாயா போகிறாயா, இந்த வாரத்துக்குள் சொல், இருந்தால் முன்பல் பிரிவுக்கு நீதான் பொறுப்பு, போனால் நான் ஆள் பார்க்க வேண்டும் என்று நெருக்கினார். பொறுப்பு என்ற வார்த்தை அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. பேச்சு என்றால் பேச்சு, போய்த்தானே ஆகவேண்டும் என்று இருந்தவள்தான் இந்தப் பூஜ்யத்தின் முன்னால் நிற்கிறாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது நோட்டக்கா. அவளோடு ஒரே அறையில் தங்கியிருப்பவள். உலகத்து நோட்டையெல்லாம் தடவிப் பார்த்தே உண்மையா பொய்யா என்று சொல்வதால் அந்தப் பெயர். கடையில் வேறு ஆள் இல்லை. இவள் கண்ணாடியின் வட்டத் துளையில் வாயை வைத்து, பூஜ்யம் வந்துவிட்டதே, இப்போது என் காசுதானே கனம் என்று கேட்டாள். கேட்கும்போதே அவள் குரல் ஒரு சுருதி ஏறியிருந்தது.

நோட்டக்கா பலகையை அண்ணாந்து பார்த்தாள். “ஒரு கண்ணால பாக்காத. பக்கத்துல விக்கிற விலையையும் பாரு.”

விற்கும் விலை ஒன்றுக்கு மேலே இருந்தது. ஒரு துளிதான், இருந்தாலும் மேலே. அதாவது அவன் ஊர்க் காசை இங்கே விற்க வந்தால் ஒன்றுகூடத் தேறாது. வாங்க வந்தாலோ ஒன்றுக்கு மேல் கொடுத்தாக வேண்டும். ஒரே காசு, ஒரே கடை, ஒரே நிமிஷம்.

இதில் எது உண்மையான விலை என்று அவள் கேட்டாள். நோட்டக்காவுக்குச் சிரிப்பு வந்தது. “ரெண்டும் உண்மை. மாமியார் ஒடச்சா மண்குடம், மருமக ஒடச்சா பொன்குடம், குடம் ஒன்னுதானே? உன் ஆளு அவர் ஊர்க் கடையில போய் நின்னாலும் இதே கதைதான். நம்ம காசு அங்க கேட்டு வாங்குனா கனம், கொண்டுபோய்க் குடுத்தா லேசு. கடைக்கு ஒரே சட்டம்தாண்டி. உன் கையில இருக்கிறது எப்பவும் லேசு. நீ வந்து கேக்குறது எப்பவும் கனம். நடுவுல இருக்கிற வித்தியாசத்துலதான் எனக்குச் சம்பளம் தர்றாங்க.”

அப்படியென்றால் எங்கள் வீட்டுப் பேச்சுக்கு எந்த எண்ணை வைத்துக்கொள்வது? நோட்டக்கா பேனாவை எடுத்தாள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் நடு விலை வரும், அதுதான் யாருக்கும் சாதகமில்லாத விலை, ஆனால் அந்த விலைக்கு உலகத்தில் எந்தக் கடையும் காசு மாற்றாது என்றாள். ஓரத்தில் கிடந்த காகிதத்தில் போட்டும் காட்டினாள். நடு விலை ஒன்றுக்கு ஒரு மயிரிழை கீழே இருந்தது. “நடு விலைப்படி உன் காசுதான் கனம். போய் உன் லிஃப்ட்டுகிட்டச் சொல்லு. ஆனா சிரிச்சுக்கிட்டுச் சொல்லு.”

சிரித்துக்கொண்டு சொல்லத்தான் நினைத்திருந்தாள். விடுமுறை நாள் காலை, நோட்டக்கா துணி துவைக்கப் போன நேரம் பார்த்து, சமையல் மேடையில் போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு அவளே கூப்பிட்டாள். அவன் திரையில் வந்தான், மீசையை எடுத்திருந்தான். டிக்கெட் விஷயம்தான் முதலில் பேசினான். அடுத்த மாதக் கடைசி என்றால் விலை குறைவு, முதலாளியிடம் எழுதிக் கொடுத்துவிட்டாயா என்று கேட்டான்.

அவள் சிரித்துக்கொண்டே, மூட்டை நீங்கள்தான் கட்ட வேண்டும் போலிருக்கிறது, பலகையில் உங்கள் காசு ஒன்றுக்குக் கீழே போய்விட்டது என்றாள்.

அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “நீ வாங்குற விலைய பாத்துட்டு வந்திருக்க. விக்கிற விலைய பாரு. இன்னும் ஒன்னுக்கு மேலதான்.”

அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் மறந்துபோய் நின்றது. மாதக்கணக்காகக் காசு மாற்றும் விலையைப் பற்றி மூச்சு விடாதவன், இவள் ஊர்க் கடைப் பலகையில் எந்த எண் ஒன்றுக்கு மேலே, எது கீழே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான் போலிருக்கிறதே. அவள் நடு விலையைச் சொன்னாள். நடு விலையாவது நாட்டு விலையாவது, அதை எந்தக் கடையில் தருகிறார்கள் என்றான். சரி, விற்கும் விலையும் அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ கீழே போகத்தானே போகிறது, அப்போது என்ன சொல்வீர்கள் என்றாள்.

அவன் போனைக் கை மாற்றிக்கொண்டான். குரல் மாறியது. குடும்பம் நடத்துவதைக் காசு விலையை வைத்தா முடிவு பண்ணுவார்கள், அதெல்லாம் சும்மா அன்றைக்கு நாலு பேர் சிரிக்கச் சொன்னது, அதைப் பிடித்துக்கொண்டு வாய்தா வாங்குகிறாயே என்றான்.

“ஆறு வருஷமா அது சட்டமா இருந்துச்சேங்க. நீங்க தோத்ததும் வெளையாட்டா?”

“யார் தோத்தது?” அவன் முகம் திரையில் பெரிதாகியது. “காசப் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்காத. நான் என்ன மடையனா? இது விழும்னு தெரிஞ்சு ரெண்டு வருஷம் முன்னாடியே சேத்ததையெல்லாம் உங்க ஊர் காசா மாத்தி வெச்சிட்டேன். ஒத்தப் பைசா நஷ்டமில்ல எனக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். திரையில் அவன் கண் வேறெங்கோ போய்விட்டு வந்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அடுப்பை அணைத்தாள்.

“எங்க ஊர் காசாவா?”

அவன் போனை மறுபடி கை மாற்றிக்கொண்டான்.

“அப்ப என்னை எதுக்குங்க உங்க ஊர் காச வாங்கச் சொன்னீங்க?”

“நீ இங்கதானே வரப்போற. இங்க வந்தா இந்தக் காசுதானே செலவுக்கு வேணும்?” சின்னக் குழந்தைக்கு விளக்குகிற பொறுமையோடு சொன்னான். உனக்கு இதில் என்ன நஷ்டம், இங்கே இருக்கிற வரைக்கும் ஒன்று ஒன்றுதானே என்றான். கையில் இருக்கும் ஒன்று நாளைக்கும் ஒன்றுதான். ஆனால் அவள் அந்த ஒன்றை வாங்க இரண்டரையில் ஆரம்பித்து, இரண்டு, ஒன்றரை என்று கொடுத்திருந்தாள். அவள் கொடுத்த காசு அவனுக்கு எதிர்ப்பக்கக் கடையில் வேறு வழியாகப் போய்ச் சேர்ந்த மாதிரி இருந்தது. அவள் ஊர் நோட்டை அவன் வாங்க, அவன் ஊர் நோட்டை அவள் வாங்க, நடுவில் இரண்டு கடைக்காரர்களும் கமிஷன் அடிக்க. ஆனால் அவள் வாங்கியது போய்ச் சேருவதற்கு. அவன் வாங்கியது? அவன் தப்பித்துக்கொள்ள. இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே எந்த ஊரில் குடும்பம் என்கிற பதில் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு, பணத்தை மட்டும் இந்த ஊருக்கு அனுப்பிவிட்டு, அவளை அந்த ஊருக்கு வரச் சொல்லியிருக்கிறான்.

கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் வந்தது வேறு வார்த்தை. அதுவும் கெஞ்சல் மாதிரி வந்ததுதான் பிறகு அவளுக்கு எரிந்தது. “சரி, அப்ப இங்க வந்துடுங்களேன். சேத்த காசு இங்கதான் செல்லும். லிஃப்ட்டு இங்கயும் நிக்குது, ரிப்பேர் ஆகுது. குட்டியக் கூட்டிக்கிட்டு மூணு பேரும் இருக்கலாம்.”

“அங்க வந்து? உன் சம்பளம் பெருசு, என் சம்பளம் சிறுசுன்னு நீ வகுத்துச் சொல்லுவ, நான் கேட்டுக்கிட்டு உனக்குச் சாப்பாடு கட்டிக் குடுக்கவா?”

ஆக, அவனுக்கும் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு வாரமும் வகுத்து வாசித்தது எப்படி வலித்திருக்கும் என்று நன்றாகத் தெரிந்தேதான் வாசித்திருக்கிறான். ஏமாந்த காசைவிட இதுதான் அவளைச் சுட்டது. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவன் கொஞ்ச நேரம் “பல்லு, பல்லு” என்று மேடைக்குள்ளிருந்து கூப்பிடுவது மாதிரி கூப்பிட்டுவிட்டு, வைத்துவிட்டான்.

துவைத்த துணியோடு வந்த நோட்டக்காவிடம் எல்லாவற்றையும் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. அலமாரியில் இருப்பதை இப்போது மாற்றினால் என்ன கிடைக்கும் என்று மட்டும் கேட்டாள். நோட்டக்கா துணியை உதறிக்கொண்டே, சேர்த்ததில் பாதி தேறும் என்றாள். பிறகு, தான் விற்ற நோட்டு ஆயிற்றே என்று நினைத்தாளோ என்னவோ, ஆரம்பத்திலேயே ஒரு தடவை வேண்டாம் என்றேன், அங்கே போய்த்தானே செலவழிக்கப்போகிறேன் என்றாய், கடைக்காரி அதற்கு மேல் என்ன சொல்ல முடியும் என்று முணுமுணுத்தாள். இவள் ஈரத் துணியின் ஒரு முனையைப் பிடித்துப் பிழியக் கை கொடுத்தாள்.

மறுநாள் லேபில் முதலாளி அவள் மேஜை அருகே வந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், “இருக்கேன் சார்” என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, இனிமேல் மாற்றிப் பேசக் கூடாது, சாயங்காலம் வந்து கையெழுத்துப் போடு என்று சொல்லிப் போனார். அவ்வளவுதான். ஆறு வருஷத்துப் பேச்சு, மாவு பறக்கும் அறையில் இரண்டு வார்த்தையில் முடிந்துவிட்டது. ஜெயித்த மாதிரி ஏதாவது வருகிறதா என்று அவள் காத்துப் பார்த்தாள். வரவில்லை. மெழுகை உருக்கி எடுத்து, யாரோ ஒரு பெண்ணின் மேல்வரிசையில் விழுந்துபோன பல்லின் இடத்தை நிரப்பத் தொடங்கினாள்.

மத்தியானம் போன் அடித்தது. நாத்தனார் எண். அவன் அக்காவிடம் சொல்லியிருப்பான், நாலு வார்த்தை கேட்கத்தான் வேண்டும் என்று நினைத்து, கை மெழுகாக இருந்ததால் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். பேசியது குழந்தை.

“அம்மா, நான் ஒன்னு சொல்றேன், நீ குறுக்க பேசக் கூடாது.”

 குழந்தை தொண்டையைச் செருமிக்கொண்டு, அவளுக்குப் புரியாத ஒரு பாஷையில் ஏதோ ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லத் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி இடைவெளி விட்டது. நாலாவதில் ஒரு சத்தத்தைத் தொண்டைக்குள்ளிருந்து கஷ்டப்பட்டுக் கொண்டுவந்தது. ஐந்தாவதில்தான் அவளுக்குப் பிடிபட்டது. குழந்தை எண்ணுகிறது. அவன் ஊர்ப் பாஷையில்.

ஏழு வரைக்கும் போய் நின்றது.

“அப்பா தினமும் போன்ல சொல்லிக் குடுத்தாங்க. அங்க ஸ்கூல்ல கேப்பாங்களாம். அத்தை எனக்குப் பையும் வாங்கிட்டாங்க.” மறுபடி அந்த ஏழாவது சத்தத்தைச் சொல்லிப் பார்த்தது. “அப்புறம் என்னம்மா வரும்?”

அவளுக்குத் தெரியாது. அந்த ஊர்க் காசைக் கட்டுக் கட்டாக வாங்கியவள், அந்த ஊர்ப் பாஷையில் ஒரு வார்த்தை கற்றிருக்கவில்லை. கையில் பிடித்திருந்த கத்தி நுனியில் மெழுகு ஆறி வெள்ளையாகிக்கொண்டிருந்தது. மேஜையின் அந்தப் பக்கம் யாரோ சிறு அரத்தால் பல் ராவும் சத்தம் கேட்டது.

“இரும்மா, நானே சொல்றேன்” என்று குழந்தை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. அவள் கழுத்தை அசைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலாவதைத் தாண்டியது. ஏழு வந்தது. குழந்தை நிறுத்தி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தில் காத்திருந்தது.